ஒரு வரிசையா, இரண்டு வரிசையா

அந்த ஈயின் கதையை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் என் வண்டவாளம் வெளியே வந்துவிடும் என்ற பயம்தான்.

தொண்ணூற்றொன்றில் நான் மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். எட்டு மணி நேரம் லென்ஸ் வைத்து இரும்பில் கீறல் தேடும் வேலை. விடுமுறை நாளில் அதே லென்ஸோடு சேரப்பணஞ்சேரிக் குட்டையோரம் உட்கார்ந்து ஈ பார்ப்பேன். "வேலையில்லாம ஈ ஓட்டறவங்க உண்டு. நீங்க ஈயைத் தேடிக்கினு போறீங்க" என்பாள் மனைவி.

இந்தப் பைத்தியத்தில் எனக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் தாம்பரம் - ஒரகடம் பஸ்ஸில் கண்டக்டர், வண்ணத்துப்பூச்சி சேர்ப்பவர். இன்னொருவர் ஒரு கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர். அவரிடம் மைக்ரோஸ்கோப்பும், ஈக்களைப் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகமும் இருந்தன. அந்தப் புத்தகம் கேள்வியாகவே கேட்கும். காலில் இந்த முள் உண்டா? உண்டென்றால் பதினான்காம் கேள்விக்குப் போ, இல்லையென்றால் இருபதுக்கு. கடைசிக் கேள்வியில் ஈயின் பெயர் இருக்கும். சனிக்கிழமை மதியம் மூவரும் அந்த ஆய்வகத்தில் கூடுவோம்.

மழை விட்ட ஒரு காலை, குட்டைச் சேற்றில் அதைப் பார்த்தேன். அரிசி மணி அளவு, மயில் கழுத்துப் பச்சை. நடுக்கால்களின் நுனியில் வெள்ளை ஓரம் வைத்த கறுப்புக் குஞ்சம். ஒரு பெண் ஈயின் முன்னால் நின்று, ரயில் கார்டு கொடி காட்டுவதுபோல் அந்தக் கால்களை மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒன்றைத்தான் பிடித்துப் புட்டியில் அடைக்க முடிந்தது.

சனிக்கிழமை, பரீட்சை நேரம் என்று மைக்ரோஸ்கோப் பூட்டியிருந்தது. உதவியாளர் புட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நடு முதுகுல ஓடற முள்மயிர் ஒரு வரிசைன்னா ஏற்கெனவே பேர் வெச்ச ஈ. ரெண்டு வரிசைன்னா புக்குலயே இல்ல. அடுத்த வாரம் பதப்படுத்தி எடுத்துட்டு வாங்க" என்றார்.

அந்த வாரம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்பது வயதுவரை எதிலும் முதலாவதாக வராதவன் நான். பெயரே இல்லாத ஒன்றை முதலில் பார்த்தவன் என்று இருக்க ஆசைப்பட்டேன், வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

பதப்படுத்தும்போது சின்ன ஈயைக் காகித முனையில் பசை தொட்டு, முதுகில் ஒன்றும் படாமல் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் நான் ஒட்டியவை எல்லாம் பாகில் விழுந்த எறும்பு மாதிரி இருக்கும். கண்டக்டரின் வண்ணத்துப்பூச்சிகளோ நடு முதுகில் ஊசியேற்றி, சிறகு விரித்து, பார்க்க அத்தனை லட்சணம். படப்பையில் பஸ் நின்றபோது புட்டியை அவரிடம் நீட்டினேன்.

"ஈயெல்லாம் நான் குத்துனதே இல்லண்ணா. ரொம்ப சின்னதா கீது. நீயே ஒட்டிடு."

"உன் பூச்சி மாதிரியே அழகா குத்திக் குடுப்பா. நான் சொல்றேன் இல்ல" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை உதவியாளர் கேள்விகளைப் படிக்கப் படிக்க, எட்டுவரை மளமளவென்று பதில் கிடைத்தது. ஒன்பதில் நின்றுவிட்டார். வரிசை இருக்க வேண்டிய இடத்தில் ஊசி இறங்கியிருந்தது. ஒன்றா இரண்டா என்று எண்ண அங்கே ஒரு மயிர்கூட இல்லை.

"யாரு இதைக் குத்தினது?"

"நான்தான் சார்" என்றார் கண்டக்டர்.

"பாக்க வேண்டிய ஒரே எடத்துல ஓட்டை போட்டு வெச்சிருக்கீங்க. இனிமே இது என்னன்னு யாராலயும் சொல்ல முடியாது. டிக்கெட் கிழிக்கிற கைக்கு இதெல்லாம் எதுக்கு? இனிமே இங்க எதையும் தொடாதீங்க."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

மறுநாள் இன்னொரு ஈ தேடிக் குட்டைக்குப் போனேன். ஏதோ கம்பெனி ஷெட் போட, லாரி லாரியாகக் கிராவல் கொட்டிப் பாதிக்கு மேல் தூர்த்துவிட்டார்கள். மிச்சமிருந்த சேற்றில், பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு கண்டக்டர் நின்றிருந்தார். கையில் காலிப் புட்டி.

"லீவு போட்டுட்டு காலைலேர்ந்து தேடிக்கினு கீறேண்ணா. ஒண்ணு கூட ஆப்டல. சாயங்காலத்துக்குள்ள மூடிடுவாங்களாம். நீ அந்தாண்ட பாரு."

இருவரும் தேடினோம். லாரி வர வர சேறு குறைந்துகொண்டே வந்தது. கடைசி லோடு கொட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் கேட்டார். "ஒண்ணே ஒண்ணு புடிச்சிக் குடுத்தா, சாரு என்னை மறுபடி உள்ள சேத்துப்பாரு இல்லண்ணா?"

"சேத்துப்பாருப்பா" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை காலிப் புட்டியோடு தனியாகத்தான் ஆய்வகத்துக்குப் போனேன். உதவியாளர் எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "கண்டக்டர் வரலையா? கோவிச்சுக்கிட்டாரா?"

"அப்படியெல்லாம் இல்ல சார். இன்னைக்கு ட்யூட்டி போல" என்றேன்.