எத்தன ஆளு தூக்கோணும்?

டிவி வாங்குவதா வேண்டாமா என்று நானும் என் கணவரும் அயர்லாந்தில் ஒரு வருடத்துக்கு மேல் யோசித்தோம். எங்கள் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு யோசனை நடக்கவில்லை. சேலத்திலிருந்து மலையேறிப் பெண் பார்க்க வந்தவர், தட்டில் வைத்த பஜ்ஜி ஆறுவதற்குள் சரி என்று சொல்லிவிட்டார். அதே மனிதர் ஒரு ஸ்மார்ட் டிவிக்காகக் கடை கடையாக ஏறி இறங்கி, விற்பனையாளர்களின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வாடகை வீட்டில் ஆணி அடிப்பதென்றால் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். டேப் ஒட்டக் கேட்க வேண்டியதில்லை. ஐம்பத்தைந்து அங்குலம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்க்க, அவர் நீல டேப்பால் சுவரில் ஒரு கட்டம் ஒட்டினார். கட்டம் அங்கேயே தங்கிவிட்டது. சாப்பிடும்போது இருவரும் அதற்கு எதிரில்தான் உட்காருவோம். ஒருநாள் நான் குறுக்கே நடந்தபோது, "மறைக்காத புள்ள" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

அவருக்கு கிரிக்கெட் பார்க்க வேண்டும். எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. ஆனால் எதையும் துருவித் துருவிக் கேட்கிற புத்தி எனக்கு உண்டு. நான் நர்ஸ். நோயாளி இருமினால்கூட எப்போதிலிருந்து, எந்தப் பக்கம் படுத்தால் என்று கேட்டுத்தான் விடுவேன். அதனால் டிவியைப் பற்றியும் கேட்கத் தொடங்கினேன். அந்த நாட்டில் டிவி வைத்துக்கொள்ள லைசன்ஸ் எடுக்க வேண்டும் என்று தெரிந்ததும், வாரா வாரம் அம்மாவுடன் பேசும்போது சொன்னேன்.

"துப்பாக்கிக்குத்தான கண்ணு லைசன்சு கேப்பாங்க? டிவி என்ன, சுடுமா?" என்றாள் அம்மா.

அம்மா ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை செய்தாள். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்துக்கு ஏறி வந்துதான் வீடியோ காலில் பேசுவாள். பின்னால் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும் தெரியும். பனி இறங்கிவிட்டால் அம்மாவின் மூக்கு மட்டும் தெரியும்.

சுவரில் இருந்த நீலக் கட்டத்தை அவள்தான் முதலில் கவனித்தாள். டிவிக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறோம் என்றேன். விலை எவ்வளவு என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. படம் தெளிவாகத் தெரியுமா, நம்ம ஊர் சீரியல் வருமா என்றும் கேட்கவில்லை.

"அத எத்தன ஆளு தூக்கோணும்?" என்றாள்.

"தெரியலம்மா. எதுக்கு?"

"சும்மாதான் கேட்டேன் சாமி."

அடுத்த வாரமும் அதே கேள்வி. டிவி வந்துவிட்டதா, ஒரு ஆள் தூக்கலாமா, இரண்டு ஆள் வேண்டுமா. என் கணவர் பக்கத்தில் வந்து, "ஏனுங்க அத்த, தூக்கறதுக்கு கடையில இருந்தே ஆளு வருவாங்க" என்றார். "அப்படீங்களா மாப்ள" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவருக்கு இடுப்பு வலி உண்டு. அதற்காகத்தான் கவலைப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவரும் அப்படியே நினைத்து, மாமியார் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நண்பர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

டிவிப் பேச்சுக்கு அடியில் வேறொரு பேச்சு இருந்தது. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகள் எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலையிலிருந்து நின்றால் வீட்டையும் விட வேண்டும். அம்மாவுக்கு அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா இல்லை, நான் ஒரே பிள்ளை. அயர்லாந்துக்குக் கிளம்பும்போது, "நீ வேலைய விட்டு நிக்கறதுக்குள்ள நான் வந்துருவேன். ஏற்காட்டுல ஊடு எடுத்து எல்லாரும் ஒண்ணா இருந்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன். இப்போது ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். என் கணவருக்குத் தங்கிவிட ஆசை. எனக்கு ஒருநாள் தங்கலாம் போலிருக்கும், மறுநாள் போய்விடலாம் போலிருக்கும். அம்மாவிடம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இப்படி இருக்கும்போது காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில் எனக்கு மட்டும் லீவு கிடைத்தது. சேலத்தில் பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் வழக்கம்போல் வாந்தி எடுத்து, ஏற்காட்டில் இறங்கி ஜீப் பிடித்து எஸ்டேட்டுக்குப் போனேன். வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்று ஜீப்காரர் முன் சீட்டு கொடுத்தார். எனக்குப் பிறந்த மலையே ஒத்துக்கொள்ளவில்லை என்று அவருக்குத் தெரியாது.

அம்மா பறிப்புக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா சாவி கொடுத்தார். சின்ன வயதில் அவர் வீட்டு ஆட்டுக்கல்லில்தான் எங்கள் வீட்டுக்கும் மாவு ஆட்டுவோம். காப்பி கொடுத்து உட்கார்ந்தவர், நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்டார்.

"ஏங்கண்ணு, அங்க டிவி வாங்கிப்போட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்கக்கா."

"அத மொதல்ல உங்கம்மாகிட்டச் சொல்லிரு. நொம்ப சந்தோசப்படும்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "டிவி வாங்காததுக்கு எதுக்குங்கக்கா சந்தோசப்படோணும்?"

"உங்கப்பன் சொல்றது மறந்துபோச்சா உனக்கு? தலைக்கு ஏறாத சாமான் ஊட்டுக்குள்ள ஏறக்கூடாதுன்னு. நீ டிவி வாங்குலீங்கறத உங்கம்மா இந்த லைனு முழுக்கச் சொல்லி வெச்சிருக்குது."

மறக்கவில்லை. ஆனால் அதை நான் அப்பாவின் கஞ்சத்தனம் என்றே வைத்திருந்தேன். அப்பாவின் ஆட்கள் அந்தக் காலத்தில் கீழே சமவெளியிலிருந்து பறிப்புக்கு மட்டும் வந்து போனவர்கள். பருவம் முடிந்தால் சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிறங்குவார்கள். பிறகு எஸ்டேட்டிலேயே தங்கியாயிற்று. ஆனாலும் எப்போது வேண்டுமானாலும் இறங்கிவிடலாம் என்ற நினைப்பு மட்டும் போகவில்லை. கட்டில் வாங்கியவன், பீரோ வாங்கியவன் இனி ஊர் திரும்பமாட்டான் என்பது அப்பாவின் கணக்கு. அதனால் எங்கள் வீட்டில் கட்டில் கிடையாது, பீரோ கிடையாது, ஆட்டுக்கல் கிடையாது. துணிமணி எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். கீழே எங்களுக்குத் திரும்பிப் போக வீடோ நிலமோ இருந்ததா என்றால், அதுவும் கிடையாது.

அந்த வீட்டுக்குள் ஒரு டிவி எப்படி வந்தது என்பதை உட்கார்ந்து யோசித்தேன். அரசாங்கம் இலவசமாக டிவி கொடுத்தபோது, லைனில் எல்லாரும் சேர்ந்து ஜீப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அம்மா மட்டும் பஸ்ஸில் கொண்டுவந்து, இறங்கிய இடத்தில் முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, அட்டைப்பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். காப்பித் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் அவள் நடக்க, நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். வாசலில் அப்பா நின்றிருந்தார். அம்மா பெட்டியை இறக்காமல் அவரையே பார்த்தாள். அவர் உள்ளே போய்த் தகரப் பெட்டியைச் சுவரோரம் தள்ளி, அதன்மேல் இடம் ஒதுக்கினார். அதே டிவி அதே பெட்டியின்மேல் இப்போதும் இருந்தது. பட்டனைத் தட்டினேன். ஒரு பக்கம் மட்டும் பச்சையாகப் படம் வந்தது.

சாயங்காலம் அம்மா வந்தாள். கையெல்லாம் பழக்கறை. என்னைப் பார்த்ததும் இளைத்துவிட்டேன் என்றாள், நான் குண்டாகியிருந்தேன். அவள் கைகால் கழுவி அடுப்படியில் உட்கார்கிற வரைக்கும்தான் பொறுத்திருந்தேன்.

"ஏம்மா, டிவி வாங்கினா நான் திரும்பி வரமாட்டேன்னு நெனச்சயா?"

"நான் எங்க நெனச்சேன்? எத்தன கனம்னு தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்."

"அக்கா எல்லாத்தையும் சொல்லிருச்சு."

அம்மா விறகை உள்ளே தள்ளினாள். "அதுக்கு வாயி சும்மா இருக்காது" என்றாள். பிறகு, "எஸ்டேட்டுக் கணக்கெழுதற ரைட்டரு வந்து சொல்லிப்போட்டாருங்கண்ணு. இந்தப் பறிப்போட சரி. அப்பறம் ஊட்ட விட்ரோணுமாம்" என்றாள்.

"வேற ஊடு பாத்தயா?"

"நீ இன்னும் டிவி வாங்குலியே. அதனால நானும் ஊடு பாக்காம இருக்கறேன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பஸ் வருமென்று நிற்கிறவர்கள் சொல்வது மாதிரி சொன்னாள். ஒரு வருடமாக நானும் அவரும் அங்குலக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தபோது, அம்மா அந்த நீலக் கட்டத்தை நம்பித் தன் குடியிருப்பையே நிறுத்தி வைத்திருக்கிறாள். வந்துவிடுகிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பொய்யாகப் போய்விட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது.

"எனக்குத் தெரியலம்மா. நெசமாவே தெரியல" என்றேன்.

"தெரியலீன்னா தெரியலீன்னு சொன்னாச் செரி" என்று சொல்லிவிட்டு, அம்மா களிக்கு உலை வைத்தாள். லீவு முடிகிற வரைக்கும் அவள் டிவியைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் கேட்பாள் என்று நான்தான் காத்திருந்தேன். ஜீப் ஏற்றிவிட வந்தபோதும், பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போ என்றுதான் சொன்னாள்.

அயர்லாந்துக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டேப்பைப் பிய்த்துவிடலாமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். இருவரும் பழையபடி அதற்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எப்போதும் விளையாட்டாகப் பேசுகிறவர் அந்த வாரம் முழுக்க அடக்கமாகவே இருந்தார்.

பறிப்பு முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டாள். பின்னால் மரம் இல்லை, களம் இல்லை. வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த ஒரு அறை தெரிந்தது. அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி வைத்த ஒரு பச்சைப் பீரோ நின்றது. அந்தக் கண்ணாடியில் அம்மாவின் முதுகும் போன் வெளிச்சமும் தெரிந்தன.

"எங்கம்மா இருக்கற?"

"வெள்ளக்கடையில ஊடு எடுத்துட்டேன். பக்கத்துலயே கட. சிக்னலு உள்ளயே வருது பாரு."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று சட்டென்று கோபம் வந்தது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்ததும் கோபம் போய்விட்டது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பீரோவ எத்தன ஆளு தூக்குனாங்க?"

அம்மா சிரித்தாள். "நாலு ஆளு. வாசல்ல நொழையல. கதவக் கழட்டிப்போட்டுத்தான் உள்ள ஏத்துனாங்க."

எங்கள் குடும்பத்தில் மலையில் குடியேறிய முதல் ஆள் அம்மாதான் என்று அப்போது நினைத்தேன். அத்தனை வருடம் அந்த மலையில் வேலை செய்த பிறகு குடியேறியிருந்தாள். அப்பா இருந்திருந்தால் அந்த வீட்டு வாசலைத் தாண்டியிருக்கமாட்டார்.

"இனி நீயும் வாங்கிக்க கண்ணு" என்றாள். "எனக்கோசரம் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க ரெண்டு பேரும்."

நான் போனைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு அழுதேன். நீல டேப் மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

டிவி வந்த அன்று வேனில் வந்தவர்கள் படியேறுவதைப் பார்க்கவே கீழே இறங்கி நின்றேன். என் கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கிவிட்டார். டேப்பைப் பிய்த்துவிட்டு, வீட்டுக்காரர் அனுமதித்தபடி அதே இடத்தில் மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் காட்டினேன். படத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"எத்தன ஆளு தூக்குனாங்க?"

"ரெண்டு பேரும்மா."

"ரெண்டே ஆளுதானா?" அம்மாவின் முகம் போனுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது. "அப்ப, எறக்கறதுக்கும் ரெண்டு ஆளு போதும்."