நல்ல தண்ணி

ஐம்பதுகளில் எங்கள் பெரியபட்டினத்தில் கிணறெல்லாம் உப்பு. கடற்கரை மணலைத் தோண்டினால் ஊறும் தித்திப்பான நீரைத்தான் ‘நல்ல தண்ணி’ என்போம்.

என் மகளுக்கு வயிற்றுப்போக்கு என்று இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். “நல்ல தண்ணிதானே குடுக்குறீங்க?” என்றார் மதுரைக்கார நர்ஸ்.

“நல்ல தண்ணியேதாம்மா.”

மருந்தோடு திரும்பினோம். சில நாளில் மறுபடியும் போக்கு. குழந்தையின் கண்கள் குழிந்துவிட்டன. துஆ ஓதியபடியே மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கே பாட்டிலைத் திறந்து ஊற்றுத் தண்ணீரைப் புகட்டப் போனபோது, அதே நர்ஸ் என் கையைப் பிடித்தார்.

“காய்ச்சினதா?”

எனக்குக் கோபம் வந்தது. “நல்ல தண்ணிய எதுக்குக் காய்ச்சணும்? உப்பே கரிக்காதே!”

அவர் பாட்டிலை வாங்கி மூடினார். “கிருமி நாக்குக்குத் தெரியாதும்மா. நான் கேட்டது அந்த நல்ல தண்ணி இல்ல.”

மகள் பிழைத்தாள். இன்றும் ஊற்று நீரை நல்ல தண்ணி என்றுதான் சொல்கிறேன். சொல்லிக்கொண்டே அடுப்பில் ஏற்றுகிறேன்.