கீமோவுக்கு என்ன பத்தியம்?

போன வாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். தம்பிக்குக் கணையத்தில் புற்றுநோயாம். கீமோ ஆரம்பிக்கப் போகிறார்களாம். "என்ன பத்தியம் சார் இருக்கணும்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "டாக்டர்கிட்ட கேளுங்க. அவர் சொல்றத மட்டும் கேளுங்க!"

பாவம், மிரண்டுபோனார். கோபம் அவர் மேல் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

என் அக்கா வாழ்க்கைப்பட்டது தா.பழூரில். மாமாவுக்கு நெல் விவசாயம். கொள்ளிடத்து மீன் என்றால் உயிரை விடுவார். அவருக்குக் கண் மஞ்சளாகித்தான் ஆரம்பித்தது. காமாலை என்று அக்கா உப்பு, புளி, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தினாள்.

தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்ததும்தான் தெரிந்தது — கணையத்தில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது, ஆபரேஷனுக்கு வழியில்லை. பித்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மஞ்சள் இறங்கியது. அக்கா யாரை மெச்சினாள் தெரியுமா? பத்தியத்தை!

கீமோ தொடங்கும்போது டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "இது நோயை விரட்டாதும்மா. கொஞ்ச காலத்தைக் கூட்டிக் குடுக்கும், வலியக் கொறைக்கும். ஆசப்பட்டதெல்லாம் ஆக்கிக் குடுங்க. தெம்பு இருந்தாத்தான் மருந்தத் தாங்குவாரு."

அக்கா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அதே உப்பில்லாக் கஞ்சி.

"மாப்ள, ஒரு வாய் மீன் கொழம்பு ஊத்தச் சொல்லுடா ஒங்கக்காவ" என்பார் மாமா. நான் சண்டையே போட்டேன்.

"நீ சும்மா இருடா. மருந்து முறிஞ்சிடும். கொணமாவட்டும், அப்பறம் சட்டி சட்டியா ஆக்கிப் போடறேன்."

குணமாகட்டுமாம்! குணமாகாது என்பதை மட்டும் அவள் காது வாங்கவே இல்லை... அத்தனை பாசம்.

மாமா துரும்பாக இளைத்தார். இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் மருந்தை நிறுத்தினார். அக்கா பதறிப்போய், "பத்தியத்துல ஒரு கொறையும் வெக்கலீங்களே!" என்றாள்.

"என்ன பத்தியம்?" என்றார் டாக்டர்.

சொன்னாள். "ஆளக் கரைக்கிற நோயும்மா இது. உங்களால மட்டும்னு சொல்ல முடியாது" என்று தணிவாகத்தான் சொன்னார். அந்த 'மட்டும்' இன்றுவரை அக்காவைத் தூங்கவிடவில்லை.

அன்றைக்கே விரால் வாங்கிக் குழம்பு வைத்தாள். மாமா மோந்து பார்த்துச் சிரித்தார். "நல்லாருக்கு புள்ள வாசன" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். இறங்கவில்லை.

கீமோ எங்களுக்கு வாங்கிக் கொடுத்ததே கொஞ்ச காலம். அதையும் கஞ்சியிலேயே கரைத்துவிட்டோம் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

கருமாதி முடிந்து மாமா போட்டோவுக்கு முன்னால் படையல் போட்டோம். விரால் குழம்பு, வறுவல், கோழி, முட்டை... இலையில் இடம் போதவில்லை. "சாப்புடுங்க... வயிறாரச் சாப்புடுங்க" என்று அழுதுகொண்டே வைத்தாள் அக்கா.

ஆளுக்குப் பத்தியம், போட்டோவுக்கு விருந்து!