நாலாம் நம்பர் பட்டன்

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடினால் அடுக்களைக்குள் போய்விடுகிற சுபாவம். எழுத உட்கார்ந்துவிட்டதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெளியே சொல்லக் கூடாது என்று சொல்லித்தான் அந்தப் பெட்டியை வைத்தார்கள். இப்போது அது எங்கள் வீட்டில் இல்லை, அதனால் சொல்கிறேன்.

எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனியின் பெட்டி அது. டிவி பக்கத்தில் வைத்து, ஒரு ரிமோட்டும் தந்தார்கள். கணவருக்கு ஒன்றாம் நம்பர், மாமியாருக்கு இரண்டு, மகளுக்கு மூன்று, எனக்கு நாலு. டிவி முன்னால் உட்காரும்போது அவரவர் பட்டனை அமுக்க வேண்டும். எழுந்து போனால் மறுபடி அமுக்கி அணைக்க வேண்டும்.

"சேச்சி, இந்த ஒரு வீடு ஆயிரக்கணக்கான வீட்டுக்குச் சமமாக்கும்," என்றார் வைக்க வந்த மலையாளி. இரவுக்குத் தோசையா சப்பாத்தியா என்பதில்கூட என் பேச்சு எடுபடாத வீடு இது.

கணவருக்குப் பழவங்காடியில் தேங்காய்க் கடை. கம்பெனிக்காரர்கள் நம் தராதரத்தைப் பார்க்கிறார்கள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். அன்றிலிருந்து, கடையிலிருந்து வந்ததும் இங்கிலீஷ் ஷேர் மார்க்கெட் செய்திதான். கூடவே, பள்ளிக்கூடத்தில் ஆஜர் போடுவதுபோல் நாலு பட்டனையும் அவரே அமுக்கிவிடுவார். யாரும் ஆப்சென்ட் ஆகக் கூடாதாம். மகள் கம்ப்யூட்டர் கிளாசில் இருப்பாள், நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருப்பேன். கணக்குப்படி இருவரும் ஷேர் மார்க்கெட் பார்த்துக்கொண்டிருப்போம்.

மாமியார் மட்டும் நிஜமாகவே அங்கே இருப்பார்.

"எல்லாவனும் ஒண்ணாக் கத்துதானே, சொத்துத் தகராறாடே?"

"விவாதம்மா. பேசாம இரு."

"ஒனக்கு வெளங்குதா?"

"கம்பெனிக்கு வெளங்கும், கேட்டியா?"

அதே நேரத்தில், வாரத்தில் ஒருநாள், ஒரு தமிழ்ச் சேனலில் மாடித்தோட்ட நிகழ்ச்சி வரும். நடத்துகிற அம்மாள் குரலை உயர்த்தவே மாட்டார். பெட்டி வருவதற்கு முன்பெல்லாம் அடுக்களை வாசலில் நின்றபடி அதைப் பார்ப்பேன். பிறகு மகளின் போனில்தான். ஒருநாள் அந்த அம்மாள், "பார்க்கிறவர்கள் குறைவு என்கிறார்கள். தொடர்ந்து வருவோமா தெரியவில்லை," என்றார். பார்க்கவில்லை என்று சொன்னது என் நாலாம் நம்பரும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. என்னைப் போன்ற ஆயிரக்கணக்கான பெண்களையும் அல்லவா கூட்டிக்கொண்டு ஷேர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறேன்!

அடுத்த வாரம் அந்த நேரத்துக்குக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாலாம் பட்டனை அணைத்தேன்.

"எதுக்கு அணைச்ச?" என்றார் கணவர்.

"நான் பாக்கல்லியே." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அப்போ எனக்கும் அணைச்சிரு," என்றார் மாமியார். "அந்தக் கத்திரிக்காய்க்காரிய வை. அவளாவது ஒத்தையில பேசுதா."

"கம்பெனிக்காரன் என்ன நினைப்பான்!" என்று முனகிக்கொண்டே கணவர் சேனலை மாற்றினார். நானும் மாமியாரும் அணைத்த எங்கள் பட்டனை மறுபடி அமுக்கிவிட்டு, கத்திரிச் செடிக்கு மண் அணைப்பதைப் பார்த்தோம். கணவரும் கடைசிவரை பார்த்தார். தன் பட்டனை மட்டும் அணைத்து வைத்திருந்தார்.

மறுநாள் கம்பெனி ஆள் வந்தார். இத்தனை நாள் கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது, நேற்றையதில்தான் சந்தேகம் என்று சொல்லி, பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்.