மருந்து சுரண்டிய பெட்டி

தீக்குச்சி தனியாகப் பற்றாது, பாதி ரகசியம் பெட்டியில்தான் இருக்கிறது என்று எட்டாம் வகுப்பு அறிவியல் சார் சொன்ன நொடியே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் இருக்குமாம். சிவப்பு பாஸ்பரஸ் பெட்டியின் ஓரப்பட்டையில்தான் இருக்குமாம். உரசுகிற சூட்டில் அது துளி பற்றி, தலையையும் பற்ற வைக்குமாம். தினம் அடுப்படியில் கிடக்கிற பெட்டிக்கு இவ்வளவு சாமர்த்தியமா? நான் நம்பவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. பாடாலூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து, ஒரு புதுப் பெட்டியின் இரண்டு பட்டைகளையும் பிளேடால் சுரண்டி எடுத்தேன். வெறும் அட்டையில் குச்சியை உரசினேன். மருந்து உதிர்ந்ததே தவிர பற்றவில்லை. சிமெண்ட் சுவரில் உரசினேன். ம்ஹூம். சார் சொன்னது நிஜம்! குதித்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்துவிட்டார். "நல்ல பெட்டிய ஏண்டி பாழாக்குற?" என்று பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குள் அதைவிடப் பெரிய சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவின் தோடு ஒன்றைக் காணவில்லை. அப்பாவின் அக்கா, என் அத்தை, மீன்சுருட்டியிலிருந்து வந்து நாலு நாளாகத் தங்கியிருந்தாள். பீரோ சாவி இருக்கிற இடம் வெளியாளுக்குத் தெரியாதே என்று அம்மா யார் முகத்தையும் பார்க்காமல், எல்லார் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டே இருந்தாள். மத்தியானம் அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள்.

"அண்ணி கருப்பு கோயில்ல சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணிட்டுப் போவட்டுங்க. அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அத்தை அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. "தம்பி, இத நீ கேக்குறியா, ஒம் பொண்டாட்டி கேக்குறாளா?"

அப்பா செருப்பை மாட்டினார்.

நானும் அத்தையைத்தான் சந்தேகப்பட்டேன். வழி முழுக்க அவள் வலது கை முந்தானைக்குள்ளேயே இருந்தது.

கருப்பு முன்னால் சூடத்தை வைத்துவிட்டு அப்பா சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்தார். ஒரு குச்சி. இன்னொன்று. மூன்றாவது. எதுவும் பற்றவில்லை. அப்பா நிமிர்ந்து, "கருப்பே வேணாங்குறாரு. இதோட வுட்டுருவோம், வாங்க" என்றார். அம்மாகூடப் பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. "கருப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல! அது நான் சொரண்டுன பெட்டிப்பா!" எதிர் டீக்கடைக்கு ஓடி வேறு பெட்டி வாங்கி வந்தேன். அப்பா கையிலிருந்த பெட்டியிலிருந்தே ஒரு குச்சியை எடுத்துப் புதுப் பட்டையில் உரசினேன். சர்ரென்று பற்றியது. "பாத்தீங்களா? அதே குச்சி!" சூடத்தையும் நானே ஏற்றினேன். அப்பா பார்த்த பார்வையில், வீட்டுக்குப் போனதும் அடி இருக்கிறது என்று மட்டும் புரிந்தது.

அத்தை கையை நீட்டவே இல்லை. சூடம் தானாக எரிந்து முடியும்வரை நின்றாள். அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்; அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "போறேன் தம்பி" என்றாள் அத்தை. எத்தனையோ தடவை ஊருக்குக் கிளம்பியிருக்கிறாள், "வரேன்" என்றுதான் சொல்லுவாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. தோடும் கிடைக்கவில்லை.

இப்போது பெரம்பலூரில் கல்லூரியில் வேதியியல் படிக்கிறேன். போன வாரம் லேபில் சிவப்பு பாஸ்பரஸ் புட்டியைக் கையில் எடுத்தபோதுதான் சுரீரென்றது. அன்றைக்கு அடுப்படியில் நல்ல பெட்டிகள் இருந்தன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, பாழானது என்று தெரிந்த பெட்டியை அப்பா ஏன் கோயிலுக்கு எடுத்து வந்தார்? வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "பழசக் கெளறாத" என்று எழுந்து போய்விட்டார்.

எது சேர்ந்தால் தீ பற்றும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பற்றவே கூடாது என்று பக்கத்தில் ஒருவர் வேண்டிக்கொண்டு நின்றதுதான் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீன்சுருட்டிக்குப் போகிறேன். அரியலூரில் ஒரு பஸ், ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ் மாற வேண்டும். தோட்டைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் அத்தையிடம் சொல்ல வேண்டும், அவள் என்னை வாசலிலேயே நிற்க வைத்தாலும்.