அழைக்கக் கூடாத விருந்து

எதெல்காவின் வாழ்க்கையில் புனித நிக்கோலஸ் வருஷத்துக்கு ஒரு முறைதான் வந்தார், ஆனால் இரண்டு வேஷத்தில். சின்ன வயதில் டிசம்பர் தொடக்கத்தில் வந்து, ஜன்னலில் வைத்த பூட்ஸுக்குள் மிட்டாய் போட்டுவிட்டுப் போனார். அது அப்பா வீட்டுக் கத்தோலிக்க நிக்கோலஸ். செர்பியனான மிலோராதைக் கட்டிக்கொண்ட பிறகு அதே ஆள் பழைய நாட்காட்டிப்படி பதிமூன்று நாள் தாமதித்து வந்தார். மிட்டாய் இல்லை. வீடு நிறைய விருந்தாளிகளைக் கூட்டி வந்துவிட்டு, பாத்திரம் கழுவ அவளை விட்டுவிட்டுப் போவார்.

ஹங்கேரியின் சென்டெந்த்ரே ஊரில் செர்பியக் கோபுரங்கள் நிறைய, செர்பியர்கள் கொஞ்சம். கோடையில் டான்யூப் படகிலிருந்து இறங்குகிறவர்கள் கோபுரங்களைப் படம் பிடிக்கிறார்கள், ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள், போய்விடுகிறார்கள். ஆற்றோரச் சந்தில் உள்ள சின்னக் கோயிலின் சாவி எதெல்காவிடம் இருக்கிறது. மிலோராத் வைத்திருந்தது அது. பிப்ரவரியில் அவன் கண்ணை மூடிய பிறகு யாரும் வந்து கேட்கவில்லை, அவளும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

கத்தோலிக்கர்களுக்கு அவள் செர்பியன் பெண்டாட்டி. செர்பியர்களுக்கு ஹங்கேரிக்கார மருமகள். எழுபது வயதிலும் மருமகள்தான். மிலோராத் இருந்தவரை இது வேடிக்கையாக இருந்தது. இப்போது சிரிக்க ஆளில்லை.

ஒவ்வொரு செர்பியக் குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு. நிலபுலன் மாதிரி அப்பனிடமிருந்து மகனுக்கு வருவார். மிலோராதுக்கு மகனும் இல்லை, மகளும் இல்லை. அந்தப் புனிதரின் நாளுக்கு யாரையும் அழைக்கவும் கூடாது. தெரிந்தவர்கள் தாமாக வர வேண்டும். கூப்பிட்டு வந்தால் அது விருந்தே இல்லை. விருந்து வைக்கிறவர் அன்றைக்கெல்லாம் உட்காரக் கூடாது. சிலுவை போட்ட ரொட்டியைத் தனியாக உடைக்கவும் கூடாது. மறுபக்கம் பிடிக்க இன்னொரு கை வேண்டும். பாதிரியார் வருவார்தான், ஆனால் கோயில்கள் பல, ஆள் ஒருவர். இந்த முறை அவர் ஆற்றின் கீழ்ப்பக்கம் வேறு ஊரில் இருந்தார்.

முந்தின நாள் இரவு தங்கை மார்கித் ஃபோன் செய்தாள்.

"எதுக்குக்கா மாவு பிசைஞ்சு உசிரை விடுற? அத்தானே போயாச்சு. பதிமூணு நாள் லேட்டா வர்ற சாமிக்கு யாரும் லீவு போட்டுட்டு வரப் போறதில்ல."

"வருவாங்க."

"யாரு? பேரு சொல்லு பாப்போம்."

எதெல்கா ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மாவைத் திருப்பிப் போட்டாள். மார்கித் குரலை இறக்கினாள். "நீ நம்ம பக்கமே வந்துடுக்கா. மேட்டுக் கோயில்ல உன் இடம் அப்படியேதான் இருக்கு."

இடம் இருக்கலாம். நாற்பது வருஷமாக அவள் மாவு பிசைந்தது வேறொரு புனிதருக்கு. நாளை ஒருவரும் வராவிட்டால் அந்தப் புனிதரும் மிலோராதோடு சேர்த்துப் புதைக்கப்பட்டுவிட்டார் என்று அர்த்தம். அப்புறம் அவள் யார் வீட்டு ஆள்? அதை நினைத்துத்தான் பயந்தாள்.

காலையில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். அக்ரூட் பருப்பும் சர்க்கரையும் கலந்து பிசைந்த அவித்த கோதுமை ஒரு தட்டில், வருகிறவர்கள் வாசலிலேயே ஒரு வாய் எடுத்துக்கொள்ள. மீன் சூப் அடுப்பில். விரத நாள் என்பதால் வெண்ணெயும் முட்டையும் வீட்டில் எட்டிப் பார்க்கவில்லை. நல்ல கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு மேசையருகே நின்றாள். மிலோராத் நிற்கிற இடம் அது. அவளுக்கு அங்கே நின்று பழக்கமில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பத்து மணி சுமாருக்குத் தோதோர் தெருவில் போனான். மிலோராதோடு படகில் வேலை பார்த்தவன். வருஷா வருஷம் முதல் ஆளாகக் கதவைத் தட்டி, முதல் கிளாஸ் பிளம் சாராயத்தைக் காலி செய்கிறவன். இன்று எதிர்ப்பக்க நடைபாதையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தான். ஜன்னலை ஒரு பார்வை பார்த்தான். போய்விட்டான்.



மதியத்துக்கு முன் வாசல் மணி அடித்தது. கோதுமைத் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். வாசலில் ஒரு இளம் ஜோடி, முதுகில் பை, மூக்கு சிவந்திருந்தது.

"கோயில் சாவி இங்கதான்னு சொன்னாங்கம்மா. பழைய படங்கள் இருக்காமே?" என்றான் பையன். புடாபெஸ்ட்காரன் பேச்சு.

"நாளைக்கு வாங்க. இன்னைக்கு வீட்டை விட்டு நகரக் கூடாது. ஒரு வாய் எடுத்துக்கோங்க, எங்க புனிதர் நாள்."

அந்தப் பெண் தட்டைப் பார்த்துப் பின்வாங்கினாள். "ஐயோ, எனக்குப் பருப்பு ஒத்துக்காதுங்க." பிறகு மரியாதைக்காகக் கேட்டாள். "நீங்க செர்பியரா?"

"என் வீட்டுக்காரர்," என்றாள் எதெல்கா. அது பதில் இல்லை என்று மூவருக்குமே தெரிந்தது. நல்ல பிள்ளைகள், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். கரண்டி அவள் கையிலேயே இருந்தது.

பிறகு பனி கொட்டியது. சூப்பை இரண்டு முறை சூடாக்கினாள். கணுக்கால் வீங்கி ஷூ இறுக்கியது. நாற்காலிகள் அத்தனையும் சும்மா கிடந்தன, அவளால் ஒன்றில்கூட உட்கார முடியவில்லை. அழுகை வந்தது, அழுதாள். பார்க்க யாருமில்லாததால் அதையும் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள்.

ஜன்னல் பக்கம் வந்தபோது தோதோர் மறுபடி போய்க்கொண்டிருந்தான். இந்த முறை நடை ரொம்ப மெதுவாக இருந்தது. தெருமுனை வரை போனான், நின்றான், திரும்பினான். கிழவன் கடைக்குப் போகிறவனாகத் தெரியவில்லை.

கூப்பிட்டால் ஆயிற்று. ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தைதான் கூடாது.

எதெல்கா கதவைத் திறந்தாள். மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து வாசல்படியில் பனியைப் பெருக்கினாள். படி முடிந்ததும் நடைபாதை. நடைபாதை முடிந்ததும் அவள் நிறுத்தவில்லை. தெருவிலேயே இறங்கிப் பெருக்கிக்கொண்டு போனாள், குனிந்த தலை நிமிராமல். தெருவைப் பெருக்கச் சொல்லி நகராட்சி அவளைக் கேட்கவில்லை. துடைப்பம் தோதோரின் பூட்ஸில் போய் முட்டியது.

"என்ன அண்ணி இது, என்னையும் சேத்துக் கூட்டி அள்ளப் போறீங்களா?"

"நான் உங்கள ஒண்ணும் கூப்பிடல. பனியைத்தான் கூட்டுறேன்."

தோதோர் அவள் வீட்டு வாசல் வரை நீண்டிருந்த ஈரப் பாதையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"காலைலேர்ந்து மூணு தடவ வந்துட்டேன் அண்ணி. உள்ள வர்றதா வேணாமான்னு தெரியல. அவனும் போயிட்டான், பையனும் இல்ல. நீங்க உங்க கோயிலுக்கே திரும்பிட்டிருப்பீங்க, போய் நின்னா உங்களுக்குச் சங்கடம்னு எல்லாரும் பேசிக்கிட்டோம்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!"

"எப்படிக் கேப்பேன்? கேட்டா அழைப்புக்கு அலையற மாதிரி ஆயிடாதா?"

"நான் மட்டும் எப்படிச் சொல்வேன்?"

உள்ளே தோதோர் ரொட்டியின் மேல் ஒயின் ஊற்றினான். இருவருமாகப் பிடித்துச் சுற்றினார்கள். வீட்டுத் தலைவரின் பேரைச் சொல்லி ஆசி கேட்கிற இடம் வந்தது. வருஷா வருஷம் மிலோராத் என்ற பேர் விழுந்த இடம். அப்போது அவள் சமையலறையில் இருப்பாள். தோதோர் ஒரு நொடி தயங்கினான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எதெல்கா," என்றான். "இவங்க வீட்டுக்கும்."

ரொட்டி உடைந்தது. பெரிய பாதி அவள் கையில் இருந்தது.

அவன் சூப்பை உறிஞ்சிக் குடித்தான், உப்புக் கம்மி என்றான், இரண்டாம் கிண்ணம் வாங்கிக்கொண்டான். அவள் காலைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க அண்ணி, கால் வீங்கியிருக்கு" என்றான்.

"விருந்து வைக்கிறவங்க உக்காரக் கூடாது."

தோதோர் கரண்டியைக் கீழே வைத்தான். "ஆமா, கூடாதுதான்," என்றான்.

போகும்போது வாசலில் நின்றான். "எங்க வீட்டுப் புனிதர் ஜனவரியில வர்றார். நான் ஒண்ணும் சொல்லல."

"நானும் ஒண்ணும் கேக்கல."

பிறகு யாரும் வரவில்லை. அவள் எதிர்பார்த்தாள், இல்லையென்று சொல்ல முடியாது. பெருக்கிய பாதையைப் பனி மூடிக்கொண்டே வந்தது. மிலோராத் இருந்திருந்தால் இந்நேரம் பாட ஆரம்பித்திருப்பான், சுதி சேராமல். 

மெழுகுவர்த்தியை ஒரு சொட்டு ஒயின் விட்டு அணைப்பதும் மிலோராத் வேலைதான். அவளே அணைத்தாள். ஷூவைக் கழற்றினாள். அதன் பிறகுதான், காலையிலிருந்து முதல் தடவையாக, எதெல்கா உட்கார்ந்தாள்.