நில்லுடி சனியனே

பால்திரிக்கு அறுபத்தொரு வயதில் ஓட்டுநர் உரிமம் பறிபோனது. ரொகாஃபோஸ்கா ஊராட்சி அலுவலகத்தின் வாசல் கதவைத் தன் வேனோடு சேர்த்து உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் "வாசல் கொஞ்சம் குறுகல்தான்" என்று பெரிய மனசோடு சொன்ன ஊர்த்தலைவர், மூன்றாவது தடவை அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அடி எதுவும் படவில்லை. பெரிய மனசுதான் போய்விட்டது.

ப்ரியொராத் மலையில் திராட்சை பயிரிடுகிறவனுக்கு வண்டி இல்லாவிட்டால் பாதி உயிர் இல்லை. பால்திரிக்கு மூன்று தோட்டங்கள், மூன்றும் மூன்று குன்றுகளில். நடந்து போய் ஒன்றைப் பார்த்துவிட்டு வருவதற்குள் மற்ற இரண்டிலும் காட்டுப்பன்றிகள் பந்தி முடித்து எழுந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெல்ஜியக்காரர் ஆற்றங்கரையிலிருந்து ஊர்வரைக்கும் சைக்கிள் மிதித்து ஏறி வந்தார். தடித்த டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடி, சரளைக்கல் பாதைக்கென்றே செய்த சைக்கிள். மதுக்கடை வாசலில் அதைப் படுக்கவைத்தார், தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து, "இதை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். பால்திரி ஒரு பெரிய குடுவை நிறையத் தன் ஒயினைக் கொடுத்துச் சைக்கிளை வாங்கிக்கொண்டார். பெல்ஜியக்காரர் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் பேருந்தில் போய்விட்டார்.

"ரொம்ப நல்லது," என்றாள் மனைவி ரெமெய். "இனிமே ஊராட்சிக் கதவுல மோதினா உனக்குத்தான் வலிக்கும்."

பால்திரி மோதவில்லை. வேனில் இருபது நிமிஷம் எடுத்த பாதையை மூன்று மாதத்தில் அரை மணியில் மிதிக்கப் பழகிக்கொண்டார். மருந்துக்கடை அசும்ப்தாவுக்கு அவர் இதயத்தின் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. எவ்வளவு தூரம் மிதிக்கிறார் என்று தெரிந்துகொள்ள அவர் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தாள். ஆனால் ஐம்பது வருஷம் கொடி வெட்டிய கட்டைவிரலை அந்தப் போன் மனித விரலாக மதிக்கவே இல்லை. அதனால் எல்லாவற்றையும் குரலுக்கு மாற்றிவிட்டாள்.

"கிளம்பும்போது 'தொடங்கு'ன்னு சொல்லு, முடிச்சதும் 'முடி'ன்னு சொல்லு. பேர் என்னன்னு கேக்கும், ஏதாவது சொல்லு. அவ்வளவுதான்."

"அப்புறம் அது எங்க போகும்?"

"எங்கயும் போகாது, உன் போன்லதான் இருக்கும்," என்றாள் அசும்ப்தா. அது தவறு.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மேல்தோட்டத்தில் உழுதுகொண்டிருந்த கோவேறு கழுதை மார்க்கேசா, வேலையை நிறுத்திவிட்டு நடந்து போனது. மிரளவில்லை, ஓடவில்லை. வேறு எங்கோ வரச்சொல்லியிருந்த மாதிரி போனது. படிப்படியாக வெட்டிய அந்தக் கற்பலகைச் சரிவுகளில் டிராக்டர் ஏறாது. மார்க்கேசா இல்லாவிட்டால் பால்திரியே கலப்பையை இழுக்க வேண்டும். அவர் சைக்கிளை எடுத்தார். பழக்க தோஷத்தில் "தொடங்கு" என்றும் சொல்லிவிட்டார்.

ஆறு மணி நேரம் துரத்தினார். கழுதை ஒரு வாதுமை மரத்தை மூன்று தரம் சுற்றியது, அவரும் சுற்றினார். வறண்ட ஓடையில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே ஏறியது. கல்லறைத் தோட்டத்தின் கதவு வரைக்கும் போய், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. ரெமெயின் தம்பி எர்மெங்கோலின் தோட்டத்தில் வரிசை வரிசையாக, ஒரு வரிசைகூட விடாமல், போய் வந்தது. மலை உச்சியிலிருக்கிற சிற்றாலயத்து நிழலில் நின்று அவரைப் பார்த்தது. அவர் ஓரடி வைத்தால் அதுவும் ஓரடி வைத்தது. ஆகவே இருவரும் நாற்பது நிமிஷம் அசையாமல் நின்றார்கள். கடைசியில் கூட்டுறவு ஒயின் ஆலையின் முற்றத்தில், கூடை கழுவுகிற தொட்டியில் அது வாய் வைத்தபோது கடிவாளம் அவர் கைக்கு வந்தது.

"முடி!" என்று கழுதையைப் பார்த்துக் கத்தினார். போன் அது தனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு, "இந்தப் பயணத்துக்கு என்ன பெயர்?" என்று கேட்டது. அதே நேரம் மார்க்கேசா மறுபடி தலையை உதறியது.

"நில்லுடி சனியனே!" என்றார் பால்திரி.

மூன்று வாரம் கழித்து, மேல்தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தபோது, ஒரு ஆணும் பெண்ணும் சைக்கிளில் வாதுமை மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வழி தவறிவிட்டார்கள் என்று நினைத்துக் கீழே இறங்கிப் போனார்.

"ஊருக்குப் போற வழி இந்தப் பக்கம்."

"மிக்க நன்றி, ஐயா," என்றாள் அந்தப் பெண், புத்தகம் படித்துக் கற்ற மொழியில். அவர்கள் ஹாலந்துக்காரர்கள். "ஆனால் நாங்கள் இன்னும் ஒரு சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது."

"எதுக்கு?"

"செயலியில் உள்ள 'நில்லுடி சனியனே' பாதையில் அப்படித்தான் இருக்கிறது. தங்களுக்கு அதைத் தெரியுமா? மிகவும் ஆழமான பாதை."

அது தான் கழுதையைத் திட்டிய திட்டு என்று பால்திரிக்குப் புரிந்தது. மறுபடி மேல்தோட்டத்துக்கு ஏறிப் போனார். அவர்கள் ஓடையில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே ஏறி, கல்லறைக் கதவில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதை மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சிற்றாலயத்தின் முன்னால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றார்கள். அந்தப் பெண் அழுதாள்.

கோடைக்குள் வாரம் நாற்பது பேர், ஐம்பது பேர் வந்தார்கள். எர்மெங்கோல் தோட்டத்துக்குக் குறுக்கே கட்டை போட்டான். அவர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றாத குறையாக, பக்தியோடு தாண்டினார்கள். எர்மெங்கோல் நேரே மருந்துக்கடைக்கு வந்தான். பால்திரி அங்கேதான் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ் மச்சான், உன் சாமியார் கூட்டத்த நிறுத்துறியா இல்லையா? நேத்து ஒருத்தன் என் கொடியக் கட்டிப்பிடிச்சிட்டு நிக்கிறான்யா!"

"நான் என்னடா பண்ணுவேன்? கழுதைகிட்ட கேளு."

"அழிச்சிடறேன், இரு," என்று அசும்ப்தா போனை வாங்கிப் பாதையை அழித்தாள். பிறகு எதையோ தட்டிப் பார்த்துவிட்டு முகம் சுருங்கினாள். "முந்நூறு பேர் நகல் எடுத்து வச்சிருக்காங்களே... ஒருத்தர் 'அசல்'னு வேற போட்டிருக்கார்."

உண்மையைச் சொல்லிவிடுவது என்று பால்திரி முடிவு செய்தார். ஒரு பலகையில் தன் கையாலேயே எழுதி வாதுமை மரத்தில் மாட்டினார்: 'இங்கே சுற்ற வேண்டாம். இது கழுதை சுற்றியது.' வந்தவர்கள் பலகையோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, மூன்று தரம் சுற்றிவிட்டுப் போனார்கள்.

அக்டோபரில், அறுவடை முடிந்த வாரம், கடற்கரை நகரத்து சைக்கிள் சங்கம் ஒன்று அந்தப் பாதையில் பெரிய சவாரி வைத்தது. நூற்று எண்பது பேர். பாதையை 'அமைத்தவர்' என்று பால்திரியை எப்படியோ கண்டுபிடித்து, முன்னால் ஓட்ட அழைத்தார்கள். வேலைக்குப் போடுகிற கால்சட்டையோடு போய் நின்றார். யாரும் சிரிக்கவில்லை, இரண்டு பேர் தங்கள் பளபளப்பான கால்சட்டையைப் பார்த்து வெட்கப்பட்டார்கள்.

பதினோராவது கிலோமீட்டரில் மாதா கோயில் மணி ஒன்று அடித்தது. அன்று ரெமெய் நத்தை சமைப்பதாகச் சொல்லியிருந்தாள். பால்திரி யோசிக்கவே இல்லை; நாற்பது வருஷமாக ஒரு மணிக்குத் திரும்புகிற இடப்பக்கச் சந்தில் திரும்பினார். நூற்று எண்பது பேரும் அவர் பின்னால் திரும்பினார்கள்.

ரெமெய் சட்டியோடு முற்றத்துக்கு வந்தாள். சுவரோரம், கோழிக்கூண்டுப் பக்கம், தெரு முனை வரைக்கும் தலைக்கவசங்கள்.

"பால்திரி," என்றாள் மெதுவாக. "நான் மூணு பேருக்கு ஆக்கியிருக்கேன்."

"நான் கூப்பிடல, ரெமெய். அவங்களா வந்தாங்க."

"உன்ன நம்பி வந்தவங்கள முதல் தடவையா இப்பதான் பாக்குறேன். ரொட்டிய அறு."

ஊரிலிருந்த ரொட்டி எல்லாம் வந்தது. அறுத்த ரொட்டியில் தக்காளியைத் தேய்த்துத் தேய்த்து அவள் கை சிவந்தது. சண்டை போடவென்று கூட்டத்தின் பின்னாலேயே ஓடி வந்த எர்மெங்கோலின் கையில் அக்கா அவன் தோட்டத்து ஒயின் கூஜாவையே திணித்துவிட்டாள். உர்ரென்று ஊற்றிக்கொண்டே போனவனிடம் ஒரு ஆள் "இது யாருடைய ஒயின்?" என்று கேட்டார். "என்னுது," என்றான். கேட்டவர் இன்னொரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். எர்மெங்கோல் அதற்குமேல் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை.

யெய்தாவிலிருந்து வந்த ஒரு ஆசிரியை பால்திரியின் அருகில் உட்கார்ந்து, எதிர்க் குன்றைக் காட்டி, "அந்தச் சரிவுல ஏன் கொடி எல்லாம் குட்டையா இருக்கு?" என்று கேட்டாள். அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. வடக்குக் காற்று, கல்லுக்குள் பதினைந்து அடி இறங்குகிற வேர், அப்பா நட்ட வருஷம் பெய்யாத மழை என்று ஒரு மணி நேரம் சொன்னார். சொல்லி முடித்ததும் காது சிவக்க எழுந்து போய், தேவையே இல்லாமல் கோழிகளுக்குத் தீனி போட்டார்.

நான்கு மணிக்கு சங்கத்தின் நடுவர் வந்து சேர்ந்தார். எல்லோரும் பாதையை விட்டு விலகிவிட்டதால் யாருக்கும் பதக்கம் இல்லை என்று அறிவித்தார். பாதையை அமைத்தவர் பெயரும் தகுதி நீக்கப் பட்டியலில் முதலாவதாக இருந்தது. நடுவருக்கும் ஒரு தட்டு கொடுத்தார்கள்.

போகும்போது சங்கத்தார் பால்திரிக்குப் பரிசாக ஒரு தலைக்கவசம் தந்தார்கள். சின்னதாகப் போய்விட்டது, அவர் தலையில் ஏறவில்லை. ரெமெய் இப்போது அதைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டுதான் காலையில் கோழிக்கூண்டுக்குப் போகிறாள். பதினெட்டு முட்டை பிடிக்கிறது, காற்றோட்டமும் நன்றாக இருக்கிறது என்கிறாள்.